புயலுக்கு முன் மாட்டை எங்கே கட்டுவது, எப்போது அவிழ்ப்பது

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெங்கல் புயலில் காற்று அதில் பாதிதான், 70–80 கிலோமீட்டர். ஆனால் அது நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. கடலூர் ஓரத்து உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு பக்கம் அந்த வெள்ளம் ஏறும்போது புயல் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. காற்று ஓய்ந்ததென்று படுதாவை மடித்து வைத்துவிட்ட நேரம் அது.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். காற்றும் தண்ணீரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு மற்றதற்கு எமனாகிவிடும். காற்றுக்குப் பயந்து நான்கு சுவருக்குள் கெட்டியாகக் கட்டிப்போட்ட மாடு வெள்ளத்தில் தப்பாது. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் திறந்த வெளியில் விட்ட கன்றுக்குட்டி காற்றிலும் சாரலிலும் விறைத்துப் போகும். அதனால் முதலில் உங்கள் ஊருக்கு எது பெரிய எதிரி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கேப்பர் மலை, வடலூர், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். அங்கே காற்றும் மரமும்தான் பயம். பாகூர், வில்லியனூர், தாழங்குடா, புவனகிரி, கிள்ளை, பரவனாற்று ஓரம், பெருமாள் ஏரிக்குக் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் தண்ணீர்க் கணக்கு. கடலோரத் தாழ்வில் இன்னொரு சங்கடமும் உண்டு. புயல் நேரத்தில் கடல் ஏறி நிற்பதால் கெடிலமும் பெண்ணையும் பரவனாறும் கொண்டுவரும் தண்ணீர் கழிமுகத்தில் வடியாமல் பின்னுக்குத் தள்ளும். மழை விட்ட பிறகும் மட்டம் ஏறுவதற்கு அதுதான் காரணம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "போன வெள்ளத்தில் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு, அந்த மட்டத்தைக் கொட்டகைத் தூணில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். அதற்கு 2 அடி மேலேதான் தீவனம், மருந்து, மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவும் இருக்க வேண்டும்.

முதல் எச்சரிக்கையிலிருந்து

வானிலை மையம் கரையேறுவதற்குச் சுமார் 72 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பு தரத் தொடங்குகிறது. 48 மணி நேரத்துக்கு முன்பு மஞ்சள், 24 மணிக்கு முன்பு ஆரஞ்சு, 12 மணிக்கு முன்பு சிவப்பு. துறைமுகக் கூண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுவது. 10ஆம் எண் ஏறும்போது மாட்டை வண்டியில் ஏற்றும் நேரம் தாண்டிப்போயிருக்கும். புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்ற பெயரெல்லாம் காற்றை வைத்துச் சூட்டுவது. 62 முதல் 88 கிலோமீட்டர் வரை வெறும் புயல், 89 முதல் 117 வரை தீவிரம், அதற்கு மேல் மிகத் தீவிரம். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. பெங்கல் வெறும் "புயல்"தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். புயல் கிளம்பிய பிறகு தடுப்பூசி போட ஓடுவதில் பலனில்லை. தொண்டை அடைப்பான், சப்பை நோய் இரண்டுக்கும் ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆவணி, புரட்டாசிக்குள் முடித்திருக்க வேண்டிய வேலை அது. கோமாரி ஊசியும் ஆட்டுக்கொல்லி ஊசியும் அப்படியே.

72 மணி இருக்கும்போது செய்ய வேண்டியது தீவனம் சேர்ப்பதும் வண்டி பேசி வைப்பதும். குட்டி யானை வண்டியில் இரண்டு கறவை மாடு நிற்கும். கடைசி நாளில் வாடகை ஏறிவிடும், வண்டியும் கிடைக்காது. ஏற்றுவதற்கு மண் மேடு அல்லது வரப்பு ஓரமாக வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள். தரையில் மணல் தூவி, மேலே வைக்கோல் போடுங்கள். இரும்புத் தரையில் குளம்பு வழுக்கி இடுப்பு எலும்பு விலகிய சினை மாடு அப்புறம் எழுந்திருக்காது. முதல் நடையில் போக வேண்டியவை நிறைமாதச் சினையும், ஈன்று 10 நாள் ஆகாத மாடும், கன்றுகளும். நல்ல கறவையை முதலில் ஏற்றத்தான் மனசு வரும். ஆனால் கறவை மாடு நடந்துகூட வந்துவிடும், நிறைசினையால் முடியாது.

எங்கே கொண்டுபோவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஏரிக்கரை மேடாகத்தான் தெரியும், ஆனால் உடைப்பெடுத்தால் முதலில் போவது அதுதான். ரயில் மேட்டில் கட்டவே கூடாது. களத்துமேடு, கோயில் திடல், பள்ளி மைதானம், மேட்டுத்தெரு உறவுக்காரர் வீட்டுக் கொல்லை இவைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பல்நோக்குப் பேரிடர் மையங்கள் மனிதர்களுக்காகக் கட்டியவை. மாட்டுக்கு இடம் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் கடைசி நேரத்தில் வாசலில் சண்டை போட வேண்டியதில்லை.

கொட்டகை

காற்றில் மாடு சாவது பெரும்பாலும் காற்றால் அல்ல, கொட்டகையால்தான். கீற்று பறந்தால் மாடு நனையும், சிமென்ட் ஷீட் பறந்தால் மாடு சாகும். கௌரவத்துக்காகக் கீற்றைப் பிரித்து ஷீட் போட்டவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படலாம், ஆனால் உண்மை அதுதான்.

ஷீட்டுக் கொட்டகையில் முதலில் பார்க்க வேண்டியது கொக்கி போல்ட். காற்று ஷீட்டைக் கீழே அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது. அந்த இழுப்பு அதிகம் விழுவது கூரை ஓரத்திலும் மூலையிலும் உச்சியிலும். நடுச் சட்டத்தில் ஒன்றிரண்டு போல்ட் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஓரச் சட்டத்தில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரண்டு போல்ட் கட்டாயம் வேண்டும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து நொறுங்கியிருக்கும். அது ஆடும்போது ஷீட்டின் ஓட்டை பெரிதாகி, போல்ட் அப்படியே இருக்க ஷீட் மட்டும் கழன்று போகும். 24 மணி நேரத்துக்கு முன்பு ஸ்பானரும் ஏணியுமாக ஏறி எல்லாவற்றையும் ஒரு சுற்று முடுக்குங்கள். கான்கிரீட் மாதிரி நினைத்து சிமென்ட் ஷீட்டில் கால் வைக்காதீர்கள், சட்டத்தின் மேல் பலகை போட்டு ஏறுங்கள். அதிகமாக முடுக்கினால் ஷீட் விரியும்.

கூரைமேல் கல்லும் டயரும் மணல் மூட்டையும் அடுக்கி வைப்பது இங்கே வழக்கம். ஷீட் கிளம்பும்போது அந்தக் கல்லும் சேர்ந்து கிளம்பும். அதற்குப் பதில் 12 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கூரைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு முனையையும் தரையில் பிணைக்க வேண்டும். 4 அடிக்கு ஒரு கயிறு போதும். நம் பக்கத்து மணல் பூமியில் முளைக்குச்சி அடித்தால் ஈரத்தில் பிடுங்கிக்கொள்ளும். 2 அடி நீளச் சவுக்குக் கட்டையை நடுவில் கயிறு கட்டி, 3 அடி ஆழக் குழியில் படுக்கவைத்துப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்குங்கள். கயிறு குழியிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக வர வேண்டும். படுத்திருக்கும் கட்டை தன் மேலுள்ள மண் முழுவதையும் தூக்கினால்தான் வெளியே வரும், குச்சி அப்படியில்லை. குழி தோண்ட நேரமில்லாதவர்கள் 25, 30 கிலோ மணல் மூட்டைகளைக் கயிற்றின் இரு முனையிலும் இறவாணத்துக்குக் கீழே தொங்கவிடலாம். இதற்குப் பலன் பாதிதான், ஆனாலும் கல் அடுக்குவதைவிட மேல்.

சாரலுக்காகக் கட்டிய பக்கவாட்டுத் தார்ப்பாயை என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்று வரும் பக்கம் திறந்து, எதிர்ப்பக்கம் மூடியிருந்தால் கொட்டகை ஊதிய பலூன் மாதிரி ஆகிக் கூரையைத் தூக்கும். காற்று 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்று அறிவிப்பு வந்தால் பக்கவாட்டுப் படுதா எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மாடு நனைந்தால் நனையட்டும். வயிறு நிறைந்த பெரிய மாடு ஒரு ராத்திரி நனைவதால் சாவதில்லை.

நாலரை அங்குலச் சுவர், நடுவில் தூண் இல்லாமல் நீளமாக எழுப்பியது, புயலில் அப்படியே பலகை மாதிரி சாயும். அந்தச் சுவரை ஒட்டி மாட்டைக் கட்டாதீர்கள். கான்கிரீட் தளம் போட்ட தாழ்வாரம் இருந்தால் சங்கடம் பார்க்காமல் மாட்டை அங்கே ஏற்றிவிடுங்கள். சாணம் அள்ளிவிடலாம். அதுவும் இல்லையென்றால், ஷீட்டுக் கொட்டகையைவிடத் திறந்த வெளி மேல். ஆனால் தென்னை, முருங்கை, வேம்பு, மின்கம்பம் எதுவானாலும் அதன் உயரத்தைவிட அதிக தூரம் தள்ளி இருக்க வேண்டும். முள்கம்பி வேலி பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடு தானாகவே காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். அதற்கு இடம் கொடுத்து 12 அடிக் கயிற்றில், கழுத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றில் கட்டினால் மிரண்டு இழுக்கும்போது மூக்கு கிழியும். கன்றும் ஆடும் எந்த நிலையிலும் வெளியே இருக்கக் கூடாது, வீட்டுக்குள்தான்.

கயிறு

தாழ்ந்த ஊர்களில் மாட்டைக் கட்டவே கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். கட்டுத்தறியிலேயே வளர்ந்த ஜெர்சிக் கலப்பு மாட்டை ராத்திரி அவிழ்த்துவிட்டால் அது மேட்டைத் தேடிப் போகாது. தார் ரோட்டில் போய் நிற்கும், லாரியில் அடிபடும். அவிழ்த்து விடுவது கடைசி வழி, நேரத்தோடு மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதல் வழி. ஆனால் கட்டியிருக்கும்வரை ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டியிருக்க வேண்டும்.

உருவு முடிச்சு எல்லோருக்கும் தெரியும், புயல் ராத்திரியில் போட மறந்துவிடுகிறோம். கயிற்றைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து, முடிச்சுக்குள் நுனியை முழுதாக இழுத்துவிடாமல் பாதியில் மடித்து, காது மாதிரி நிற்கவிட்டு இறுக்க வேண்டும். வெளியே ஒரு சாண் நுனி தொங்கட்டும். மாட்டுப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் இறுகும், அந்த நுனியை வெடுக்கென்று இழுத்தால் அவிழும். ஒரு சோதனை செய்து பாருங்கள். முடிச்சைப் போட்டு, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மாட்டை ஐந்து நிமிஷம் இழுக்கவிட்டுப் பிறகு அவிழ்த்துப் பாருங்கள். பருத்திக் கயிறு தண்ணீரில் ஊறிப் பருத்து, கல் மாதிரி இறுகும். புது நைலான் தானாகவே நழுவும். பழகிய நைலான் கயிறுதான் சரி. தூணில் முடிச்சு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். முட்டியளவுக் கலங்கல் தண்ணீரில் குனிந்து இருட்டில் முடிச்சைத் தேட முடியாது. இதையெல்லாம் தாண்டி, கொட்டகை வாசல் இறவாணத்தில் ஓர் அரிவாளைச் செருகி வையுங்கள்.

அவிழ்த்துவிடும் நிலை வந்தால் நீளக் கயிற்றை மாட்டோடு விடாதீர்கள். அது மிதந்துபோய் வேலியில், முந்திரிக் கிளையில் சிக்கும். மாடு நன்றாக நீந்தும், அதைக் கொல்வது இழுபட்டு வரும் கயிறுதான். கழுத்துப் பட்டையை மட்டும் விட்டு, மூக்கணாங்கயிற்றைக் கொம்பில் சுற்றிச் செருகிவிடுங்கள். கூட்டத்தில் மூத்த மாட்டுக்கு மணி கட்டினால் மற்றவை அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போகும். பொங்கலுக்குக் கொம்புக்குப் பூசும் எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்தால், விலாவில் உங்கள் செல்போன் எண்ணை எழுதிவிடுங்கள். கறுப்பு மாட்டுக்கு வெள்ளை, வெள்ளை மாட்டுக்குச் சிவப்பு. எட்டு ஊர் தள்ளிக் கரையேறிய மாடு வீடு திரும்ப இதைவிட நல்ல வழி இல்லை.

தீவனமும் தண்ணீரும்

தீவனக் கணக்கு ஒரு வாரத்துக்கு. இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும் இருந்தால், மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல், கன்றுக்கு 2 கிலோ. ஏழு நாளைக்கு 98 கிலோ. மிதிபடுவதும் நனைவதும் சேர்த்து 120 கிலோ. மெஷின் கட்டு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வோர் எடை, அதனால் ஒரு கட்டை நிறுத்துப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். கலப்புத் தீவனம் உடம்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் இரண்டரை, மூன்று லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்பது வழக்கமான அளவு. புயல் வாரத்தில் பால் எப்படியும் குறையும், அதனால் மாட்டுக்கு 3 கிலோ வீதம் வைத்துக்கொண்டால் போதும். தாது உப்பு நாளைக்கு 30 கிராம். பசுந்தீவனத்தை முதல் நாளே அறுத்து வைத்தால் சூடேறிக் கெடும். காற்று வரும் நாள் காலையில் அறுத்து அன்றே போட்டு முடியுங்கள்.

வைக்கோல் போர் திறந்த வெளியில் இருந்தால் முழுதையும் பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உச்சியை மட்டும் தார்ப்பாயால் மூடி, அதன் மேல் பழைய மீன்வலையைப் போட்டு, வலையின் ஓரங்களில் மணல் மூட்டை தொங்கவிடுவது இந்தக் கடற்கரையில் கைவசம் இருக்கும் நல்ல வழி. வலை காற்றை வடிகட்டும், தார்ப்பாய் பறக்காது. அடியில் ஒன்றரை அடிக்குச் சவுக்குக் கழி பரண் இல்லாத போரில் கீழ்ப்பகுதி ஊறும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டால் போர் போனாலும் மாடு பட்டினி கிடக்காது.

சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது குடிக்கத் தண்ணீர் இருக்காது, இதை யாரும் நம்புவதில்லை. அந்தத் தண்ணீரில் கழிவறைக் குழி, உர மூட்டை, பூச்சிமருந்து எல்லாம் கலந்திருக்கும். கடலோரத்தில் உப்பும் ஏறும். போர்வெல் இருக்கும், கரன்ட் இருக்காது. தானே புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் மின்சாரம் வர வாரக் கணக்கு ஆனது. குளிரில் மாடு நாளைக்கு 40 லிட்டரில் சமாளிக்கும். இரண்டு மாட்டுக்கு மூன்று நாள் 240, கன்றுக்கு 30. மூடியுள்ள 200 லிட்டர் டிரம் இரண்டு வேண்டும். காலி டிரம் மிதந்து போகும், நிரம்பியது நிற்கும். பூச்சிமருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

யூரியா மூட்டை இருந்தால் பரணில் ஏற்றுங்கள். யூரியா கரைந்த தண்ணீரைக் குடித்த மாடு அரை மணி நேரத்திலேயே நுரை தள்ளி விழும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிணற்று மோனோபிளாக் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றுங்கள். கொட்டகை இணைப்பின் மெயினை இறக்குங்கள். முற்றிய தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள், மரத்தின் பாரமும் குறையும், பறக்கும் பொருளும் குறையும். பால் வண்டி ஆவினுக்கோ புதுச்சேரியின் பான்லேவுக்கோ போக முடியாவிட்டாலும் கறப்பதை நிறுத்தக் கூடாது. தேங்கிய பாலால் மடிநோய் வரும். கறந்ததைக் கன்றுக்குக் கொடுங்கள், உறை ஊற்றுங்கள், வெண்ணெய் எடுங்கள். காதில் போட்ட தோட்டின் 12 இலக்க எண் தெரியும்படி ஒவ்வொரு மாட்டையும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் தாளோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

அந்த ராத்திரி

காற்று வீசும்போது மாட்டைப் பார்க்க வெளியே போகாதீர்கள். செய்ய வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

காற்றின் திசையைக் கவனித்தால் புயல் எங்கே போகிறது என்று தெரியும். புயலின் நடுப்பகுதி நேராக உங்கள் ஊரைக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், பிறகு திடீரென்று எல்லாம் அடங்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். வாடைக் காற்று கிழக்கே திரும்பித் தென்கிழக்காக மாறினால் புயல் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. மேற்கே திரும்பினால் வடக்கே கடக்கிறது. நடுவில் வரும் அமைதியில்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார்கள். வடக்குக் காற்றில் பாதி சாய்ந்த மரமும் தளர்ந்த ஷீட்டும் தெற்குக் காற்றின் முதல் வீச்சில் விழும். வடக்குச் சுவரை நம்பி அதன் மறைவில் கட்டிய மாடு இப்போது நேர் காற்றில் நிற்கும் என்பதையும் முன்பே யோசித்து இடம் தேர்ந்தெடுங்கள்.

காற்று நின்ற பிறகு

இங்கிருந்து தண்ணீர்க் கணக்கு. பெண்ணையாற்றுக் கரைக்கு சாத்தனூர், சங்கராபரணிக்கு வீடூர், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்கு வீராணமும் கீழணையும். மேற்கே மழை பெய்கிறதா, அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியை மூன்று நாளைக்காவது விடாமல் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முட்டியளவு வரட்டும் என்று காத்திருக்காமல், திறப்பு அறிவிப்பு வந்ததுமே மாட்டைக் கிளப்புங்கள். மேட்டில் இருக்கும் மாட்டைக் காற்று நின்றதென்று திரும்பக் கொண்டுவராதீர்கள்.

காலையில் கொட்டகைக்குப் போகும்முன் கம்பி அறுந்து கிடக்கிறதா பாருங்கள். ஈரத் தரையில் கரன்ட் பாயும்போது மனிதனுக்கு முன்பே மாடு சாகும். அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஐந்தடி இடைவெளி, அந்த இடைவெளியில் மின்னழுத்த வித்தியாசம் அதிகம். விழுந்த மாட்டைத் தூக்க ஓடிப்போனவரும் விழுவது இப்படித்தான். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

புயலுக்குப் பிறகு மாட்டைக் கொல்வதில் தீவனத் தவறுக்குப் பெரிய பங்கு உண்டு. நிவாரண அரிசி, நனைந்த நெல், மிச்சமான சோறு இவற்றை "பாவம், பசியாயிருக்கு" என்று வாளி வாளியாக வைத்தால் வயிற்றில் புளித்து அமில நோய் வரும். மாடு தள்ளாடிப் படுத்துவிடும். அரை கிலோவுக்கு மேல் வேண்டாம், அதுவும் முதலில் வைக்கோல் தின்ற பிறகு. சாய்ந்த பலா இலை, அகத்தி, கிளுவை, பூவரசு போடலாம். நெல்லிக்குப்பம் பக்கம் சாய்ந்த கரும்பின் தோகையும் நல்ல தீவனம், தாது உப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். சவுண்டல் தழை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை. மரவள்ளித் தழையைப் பச்சையாகப் போடக் கூடாது, வெட்டி ஒரு நாள் வாடவிட்டுக் கொஞ்சமாக. அரளியும், வாய்க்கால் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கும் மற்ற தழையோடு கலந்து வந்துவிடாமல் பாருங்கள். பசித்த ஆடு வழக்கமாக ஒதுக்கும் செடியையும் கடிக்கும்.

நனைந்த போரில் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். சுட்டால் அன்றே பிரித்து உலர்த்த வேண்டும். பிரிக்கும்முன் கம்பால் தட்டுங்கள், பாம்பும் மேட்டைத் தேடித்தான் வந்திருக்கும். கறுத்ததும், உதறினால் வெள்ளைத் தூசி பறப்பதும் எருக்குழிக்கு.

நடுங்கும் மாட்டுக்குக் கஷாயம் ஊற்றுகிறோம் என்று தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். மூன்றாம் நாள் சளியும் மூச்சிரைப்புமாகச் சாகும், பழி குளிர்மேல் விழும். சாக்கால் துடைத்து, காய்ந்த இடத்தில் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்து வைத்தால் தானே குடிக்கும். குடிக்காத மாட்டுக்கு மருத்துவர்தான் வழி, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்குத் தமிழ்நாட்டில் 1962.

தொண்டை வீங்கி, கடும் காய்ச்சலோடு மூச்சுத் திணறினால் தொண்டை அடைப்பான். ஒரு நாள்கூடப் பொறுக்காது, உடனே கூப்பிட வேண்டும். தொடையோ தோளோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் வந்தால் சப்பை நோய். சேற்றில் நின்ற குளம்புக்கு 10 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்துக் காலை நனைக்கலாம். செம்மறி ஆடு அதைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத் தாமிரம் விஷம். தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து வையுங்கள். எலிக்காய்ச்சல் மாட்டுக்கும் வரும், சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் உங்களுக்கும் வரும்.

மாடு இறந்திருந்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்த்த பிறகுதான். பெங்கலுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. காதுத் தோடு தெரியும் போட்டோ இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வராது. கடலோரத்தில் நாலடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். கிணற்றுக்கு எட்டாத மணல் மேட்டில் ஆறடிக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

மாட்டை மேய விடும்முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். பறந்த கூரையின் ஆணி, வாஷர், கம்பித் துண்டு எல்லாம் புல்லில் கிடக்கும். மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும் பிராணி, எதையும் பிரித்துப் பார்க்காது. விழுங்கிய கம்பி வயிற்றிலிருந்து இதயத்தைக் குத்த வாரங்களோ மாதங்களோ ஆகும், அப்போது புயல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கொட்டகையைச் சுற்றி 50 அடிக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு நடங்கள். புதுக் கூரை போட்டவர் கிளம்பிப்போன பிறகு இன்னொரு முறை இழுங்கள். அவர் சிந்திவிட்டுப் போன ஆணியும் அதே வயிற்றுக்குத்தான் போகும்.